அம்பேத்கர் எந்தக் குரலில் பேசுவார்?

ஏப்ரல் 14 நெருங்கினால் நம் கைபேசிகளில் அம்பேத்கர் பேசத் தொடங்கிவிடுகிறார். நீலப் பின்னணி, பறையிசை, மெல்ல நிமிரும் சிலை, அதன்மேல் ஒரு குரல். அடிவயிற்றிலிருந்து எழுந்து வருகிற கனத்த குரல். இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துகொண்டதால் புகைப்படத்தின் உதடுகளே அசைகின்றன. சுத்தமான மேடைத்தமிழில் அவர் நமக்கு அறிவுரை சொல்கிறார். பகிர்கிறவர்கள் நம் தோழர்கள்தாம், அன்பால்தான் பகிர்கிறார்கள். ஆனால் அது யாருடைய குரல்? அம்பேத்கருடையது இல்லை. அவர் குரலைக் கேட்டவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

கேட்பது கடினமும் இல்லை. 1953இல் பிபிசி எடுத்த ஒரு படப்பதிவும், 1955இல் அதே பிபிசிக்கு அவர் தந்த நேர்காணலின் ஒலிப்பதிவும் இணையத்தில் கிடைக்கின்றன. முதலாவதில், இந்தியாவில் ஜனநாயகம் வேலை செய்யுமா என்று கேட்கிறார்கள். செய்யாது என்கிறார். நாடாளுமன்ற ஜனநாயகத்துக்கும் இங்கிருக்கும் சமூகக் கட்டமைப்புக்கும் பொருந்தவே பொருந்தாது என்று காரணமும் சொல்கிறார். அரசியல் சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவராக இருந்த மனிதர் அதைச் சொல்கிறபோது கர்ஜனை இல்லை, கை உயர்த்தல் இல்லை. ஒரு வழக்கறிஞர் தன் அறையில் உட்கார்ந்து கட்சிக்காரரிடம், ‘இந்த வழக்கு நிற்காதுங்க’ என்று சொல்கிற தொனி அது. நாம் ரீல்ஸில் கேட்டுப் பழகிய குரலோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். எனக்கு அந்த ஏமாற்றம் பிடித்திருக்கிறது.

1955 நேர்காணல் காந்தியைப் பற்றியது. காந்தியை எதிராளியாக நின்று பார்த்தவன் என்பதால் மற்றவர்களைவிடத் தனக்கு அவரை நன்றாகத் தெரியும் என்கிறார். பக்தர்களாகப் போனவர்கள் வெளித்தோற்றத்தைத்தான் பார்த்தார்களாம். பேச்சு இன்னோர் இடத்துக்கும் போகிறது, எனக்கு முக்கியமானது அதுதான். காந்தி ஆங்கில இதழ்களில் எழுதியபோது சாதிக்கும் தீண்டாமைக்கும் எதிரான ஜனநாயகவாதியாகத் தெரிந்தார், குஜராத்தியில் எழுதியபோது வருணாசிரமத்தை விடாத வைதீகராக இருந்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் குறைவு என்கிறார். ஒரே மனிதர் இரண்டு மொழிகளில், இரண்டு கூட்டங்களுக்கு, இரண்டு குரலில் பேசுவதைப் பிடித்துக் காட்டுகிறார். ஒரு குரலை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு அவரே நமக்குத் தந்த வழி இது: என்ன சொன்னார் என்பதோடு, எந்த மொழியில், யாரைப் பார்த்துச் சொன்னார் என்றும் கேள்.

இதே அளவுகோலை அவரை நடிக்கிறவர்கள்மீது வைத்துப் பார்க்கலாம்.

வரலாற்று மனிதரை நடிக்க வருகிற நடிகர் முதலில் ஓடுவது ஒலிப்பதிவைத் தேடித்தான். காந்திக்கு நிறைய இருக்கிறது, நேருவுக்கு மலைமலையாக இருக்கிறது. அம்பேத்கருக்கு எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் 1950களைச் சேர்ந்தவை. அறுபதைத் தாண்டிய, நீரிழிவு வாட்டிய உடலின் குரல், எதிரே பெரும்பாலும் அயல்நாட்டுச் செய்தியாளர், மொழி ஆங்கிலம். 1927 மார்ச்சில் மகாத் நகரத்தின் சவ்தார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியபோது அவருக்கு 36 வயதுகூட நிறையவில்லை. அங்கே திரண்டிருந்த ஆயிரக்கணக்கான மக்களிடம் அவர் பேசியது மராத்தியில். அந்த இளைஞனின் மராத்திக் குரலைத் தேடிப் போகிற நடிகரின் கையில், கிழவரின் ஆங்கிலக் குரல்தான் அகப்படுகிறது.

ஜப்பார் படேல் இயக்கி 2000இல் வெளிவந்த ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ படத்தில் மம்முட்டி எதிர்கொண்டது இந்தச் சிக்கலை. மத்திய சமூகநீதி அமைச்சகமும் மராட்டிய அரசும் பணம் தந்து எடுக்கப்பட்ட படம். திரைக்கதையில் சூனி தாராபோர்வாலா, அருண் சாது ஆகியோருடன் ‘பலுத்தா’ எழுதிய தலித் எழுத்தாளர் தயா பவாரின் பெயரும் உண்டு. படம் ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் தேசிய விருதை மம்முட்டிக்கு வாங்கித் தந்தது. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் தொடங்கி நாக்பூரில் பௌத்தம் தழுவும் முதியவர் வரை ஒரே உடல், ஒரே தொண்டை.

மம்முட்டியின் குரல்வளம் ஊரறிந்தது. வசனத்தைச் சுழற்றி அடித்துக் கைதட்டல் வாங்கத் தெரிந்தவர். இந்தப் படத்தில் அவர் செய்திருக்கும் நல்ல காரியம் அந்த வளத்தைக் கட்டிப்போட்டதுதான். சட்டம் படித்து, சில காலம் வழக்கறிஞராகவும் இருந்தவர் என்பது உதவியிருக்கலாம். வாதத்தை அடுக்குகிறவனின் பொறுமை அந்தக் குரலில் இருக்கிறது. அம்பேத்கரைப் போலப் பேசிக் காட்டாமல், அம்பேத்கரைப் போல யோசித்துக்கொண்டு பேச முயல்கிறார். மிமிக்ரி கலைஞருக்கும் நடிகருக்கும் உள்ள தூரம் அது. அவர் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் படம் முழுக்க ஆங்கிலம் ஒரு திரைபோல விழுந்து கிடக்கிறது. வட்டமேசை மாநாட்டில் பிரிட்டிஷாரிடம் பேசும்போதும் ஆங்கிலம், மகாத் குளக்கரையில் சொந்த மக்களிடம் பேசும்போதும் ஆங்கிலம். குரல் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் ஒரே தெருவில் போய்க்கொண்டிருக்கிறது. இது நடிகரின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அரசுப் பணத்தில் எடுக்கப்படும் படத்துக்கு ஒரு தேசத் தலைவர் தேவைப்படுகிறார். எல்லோரையும் பார்த்து ஒரே மாதிரி பேசுகிற, எவரையும் தனியாக முறைக்காத தலைவர்.

அம்பேத்கர் அப்படிப்பட்டவராக இருந்ததே இல்லை. மொழி அவருக்குச் சும்மா கிடைத்த பண்டமும் இல்லை. பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பியவரைத் தீண்டத்தகாதவர் என்று மறுத்து, பாரசீகம் படிக்க வைத்தார்கள். வீட்டில் கபீர்பந்தியான அப்பா ராம்ஜி. மேற்படிப்பு கொலம்பியாவிலும் லண்டனிலும். தொழில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில். 1920 ஜனவரி 31 அன்று, 28 வயதில், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடு தொடங்கிய மராத்தி இதழுக்கு அவர் வைத்த பெயர் ‘மூக்நாயக்’. ஊமைகளின் தலைவன். குரல் என்பது தனிமனிதச் சொத்து அல்ல, பறிக்கப்பட்ட பொதுச்சொத்து என்று தலைப்பிலேயே சொன்ன இதழ். அதற்குக் காசு கொடுத்துப் போட வந்த விளம்பரத்தைக்கூடத் திலகரின் ‘கேசரி’ வாங்க மறுத்தது. அப்புறம் 1927இல் ‘பகிஷ்கிருத பாரத்’. அந்த இதழ்களின் மராத்திக்கும் ‘ரூபாயின் பிரச்சினை’ நூலின் ஆங்கிலத்துக்கும் ஒரே தொண்டையைப் பொருத்த முடியாது.

தமிழுக்கு வருவோம். ஜப்பார் படேலின் படம் தமிழ் பேசித் திரையரங்குக்கு வர 2010 ஆனது. அதற்கும் இயக்கங்கள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத் தோழர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பத்தாண்டுத் தாமதம் பற்றி அப்போதே நிறையப் பேசியாகிவிட்டது. பேசாமல் விட்டது ஒன்று: அம்பேத்கர் தமிழ் பேசினால் எந்தத் தமிழ் பேசுவார்?

அம்பேத்கர் உரைகளின் தமிழ் மொழிபெயர்ப்புகள்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. எனவே இந்தக் கேள்வி எனக்குத் தொழில் சார்ந்தது. தமிழில் நாம் படிக்கிற அம்பேத்கர் பெரும்பாலும் ‘ஆகவே’, ‘எனினும்’, ‘என்பதை ஈண்டுக் குறிப்பிட விரும்புகிறேன்’ என்று பேசுகிறார். ஆங்கில மூலத்தில் கிண்டலாக இருக்கிற இடம் தமிழில் கண்ணியமாகிவிடுகிறது. கோபமாக இருக்கிற இடம் வருத்தமாகிவிடுகிறது. அவர் சிரிக்க வைக்கக் கூடியவர் என்பதே தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியாது. மொழிபெயர்த்தவர்களைப் பழிக்கவில்லை, அவர்கள் உழைப்பில்லாமல் என் தலைமுறைக்கு அம்பேத்கரே கிடைத்திருக்கமாட்டார். ஆனால் அந்த அச்சுத்தமிழ்தான் அவர் குரல் என்று மேடை நம்பத் தொடங்கியதில் ஒரு விபரீதம் நடந்தது. அதை ஒருமுறை நேரிலேயே பார்த்தேன்.

பெயர் சொல்லாமல் விடுகிறேன், ஒரு பல்கலைக்கழகம். மாணவர்கள் சேர்ந்து மகாத் போராட்டத்தை நாடகமாகப் போடுகிறார்கள். அம்பேத்கராக நடித்தவன் வட ஆற்காட்டுப் பக்கத்து ஒரு சேரியிலிருந்து வந்தவன், என் விடுதித் தோழன். கோட்டு போட்டதும் ஆளே மாறிவிடுவான். ஒத்திகை பார்க்க வந்த பேராசிரியர் முற்போக்கானவர்தான், எங்கள் கூட்டங்களுக்கெல்லாம் வருகிறவர். பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நடிப்பு நல்லாருக்குப்பா. ஆனா அம்பேத்கர் லண்டன்ல படிச்சவர். ‘வந்துகினு’ ‘போயிகினு’ன்னா பேசுவார்? ஒரு கௌரவம் வேண்டாமா?”

அவன் சொன்னான்: “சார், லண்டன்ல பேசினதயா நடிக்கிறோம்? கொளத்தாண்ட ஜனங்ககிட்ட பேசறாரு சார்.”

பேராசிரியர் சிரித்தார். மறுநாள் ஒத்திகையில் உச்சரிப்புச் சுத்தமான இன்னொரு மாணவர் கோட்டைப் போட்டிருந்தார். என் தோழன் குளத்தில் இறங்கும் கூட்டத்தில் ஒருவனாக நின்றான். வசனம் இல்லை.

தீண்டாதோர் தண்ணீர் குடிக்கும் உரிமையைப் பற்றிய நாடகத்தில், சேரிக்காரனின் வாய்க்குத் தகுதியில்லை என்று முடிவாகிறது. அதுவும் அம்பேத்கரின் கௌரவத்தைக் காப்பதற்காக. ‘உண்மையான குரல்’ என்ற பேச்சு நம்மூரில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை. உண்மை என்ற சொல்லுக்குள் சுத்தம் என்ற சொல் ஒளிந்துகொண்டு வருகிறது. சுத்தம் என்றால் நமக்குத் தெரியும், யாருடைய சுத்தம் என்று.

பெரியார் விஷயத்தில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? 2007இல் ஞான ராஜசேகரன் இயக்கிய ‘பெரியார்’ படத்தில் சத்யராஜ் நடித்தபோது, பெரியார் செந்தமிழில் பேசவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்போம். காரணம், அந்தக் குரல் நம் காதில் இருக்கிறது. கழகக் கூட்டங்களில் ஒலிபெருக்கி வழியாகத் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட குரல். 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில், இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, உடல் வலியோடு பேசிய கடைசிப் பேச்சு வரை பதிவாகியிருக்கிறது. ஈரோட்டுப் பேச்சு, இழுவை, இடையில் வந்துவிழும் கடுஞ்சொல், எல்லாம் தெரியும். கொங்கு நக்கல் கைவந்த சத்யராஜுக்கு அது பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மீதிப் பாதிக்குத்தான் அவர் நடிக்க வேண்டியிருந்தது. கேட்டுப் பழகிய கூட்டம் ஒன்று எதிரே உட்கார்ந்திருந்ததால் ஏமாற்றவும் முடியாது.

வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்த பெரியார் கொச்சையாகப் பேசினால் அது மக்கள் மொழி. சேரிப் பையன் அம்பேத்கராகக் கொச்சையாகப் பேசினால் அது கௌரவக் குறைவு. இந்தக் கணக்கை எந்தப் பார்ப்பனரும் வந்து நமக்குச் சொல்லித்தரவில்லை, நாமே போட்டுக்கொண்டது.

கோட்டு, டை, கண்ணாடி, கையில் புத்தகம் என்ற அம்பேத்கர் உருவத்துக்கு ஓர் அரசியல் இருக்கிறது. கந்தலையே அணியவேண்டும் என்று விதிக்கப்பட்ட மக்களுக்கு அந்தக் கோட்டு வெறும் துணி இல்லை. அதை நானும் மதிக்கிறேன். குரல் விஷயத்திலும் அதே வாதத்தைச் சிலர் வைக்கிறார்கள்: எங்கள் தலைவர் உயர்ந்த மொழியில் பேசட்டுமே, ஏன் மறுபடி எங்கள் பேச்சுவழக்கில் இழுத்து உட்கார வைக்கிறீர்கள்? இது ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. சினிமாவில் நம் பேச்சுவழக்கைக் கேலிக்கும் அடியாட்களுக்கும் மட்டுமே பயன்படுத்திய காலம் நெடியது. அந்தக் காயத்திலிருந்து வருகிற கேள்வி. என் பதில் இவ்வளவுதான்: சட்ட அவையில் அவர் உயர்ந்த ஆங்கிலத்துக்கு இணையான உயர்ந்த தமிழில் பேசட்டும், குளக்கரையில் வேறு தமிழில் பேசட்டும். இரண்டும் தெரிந்தவர் என்பதுதான் அவருடைய பெருமை. ஒன்றை வெட்டினால் பாதி அம்பேத்கர்.

சொல் சொல்லாக அசலை ஒட்டினால்தான் உண்மை என்பவர்களுக்கு ‘செல்மா’ (2014) படத்தை நினைவூட்டலாம். மார்ட்டின் லூதர் கிங்கின் உரைகளைப் படமாக்கும் உரிமை ஏற்கனவே வேறொரு நிறுவனத்துக்குப் போயிருந்ததால், இயக்குநர் ஏவா டுவெர்னே அவற்றின் ஒரு வரியைக்கூடப் பயன்படுத்த முடியாமல் புதிதாக எழுதினார். நடித்த டேவிட் ஓயலோவோ, நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த பிரிட்டிஷ்காரர். சொல்லும் அசல் இல்லை, நாக்கும் அமெரிக்க நாக்கு இல்லை. ஆனாலும் கறுப்பினத் தேவாலயத்தில் எதிர்ப்பாட்டுப்போலக் கூட்டம் திருப்பிக் குரல்கொடுக்கிற இடத்தில், அந்தப் பேச்சு நிற்கிறது. கேட்கிறவர்கள் யாரென்று படத்துக்குத் தெரிந்திருந்தது.

நம்மிடமே இதற்கு முன்மாதிரி உண்டு. மராட்டியத்தில் 1930களிலிருந்தே பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் ‘ஜல்சா’ குழுக்களை நடத்தினார்கள். பாட்டு, கிண்டல், உரையாடல், நடுவே அம்பேத்கரின் வாதம். அவர் குரலை நகலெடுக்க அவர்கள் முயலவில்லை. பலர் எழுதப் படிக்கத் தெரியாத உழைப்பாளிகள். அவர் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் சொன்னதைத் தங்கள் வாய்க்கு வசமான பேச்சில் மாற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தன்னுடைய பத்துக் கூட்டம் கர்டக்கின் ஒரு ஜல்சாவுக்குச் சமம் என்று அம்பேத்கரே சொன்னதாக அங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. என் தோழனைக் கூட்டத்தில் நிறுத்திய அந்த ஒத்திகையில் யாருக்காவது இது தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று. அவருடைய பேச்சுகளில் நாம் அதிகம் படிப்பது, அவர் பேசாத பேச்சு. 1936இல் லாகூரின் ஜாத்-பட்-தோடக் மண்டல் மாநாட்டுக்கு எழுதிய தலைமையுரை. அமைப்பாளர்கள் சில பகுதிகளை நீக்கக் கேட்டார்கள், ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்றார், மாநாடே ரத்தானது. சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். பெரியார் அதைத் தமிழாக்கி ‘ஜாதியை ஒழிக்க வழி’ என்று பரப்பினார். ‘சாதியை அழித்தொழித்தல்’ உரைக்கு அசல் குரலே கிடையாது. யார் வாய்விட்டுப் படித்தாலும் அவர்தான் முதல்முறை பேசுகிறார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது நம்மைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. சீர்திருத்தம் பேசுகிற சாதி இந்துக்களை முன்வரிசையில் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே சொல்ல எழுதப்பட்டது. ஏப்ரல் 14 மேடைகளில் நாம் அதை நமக்குள்ளேயே முழங்கிக்கொள்கிறோம். முன்வரிசை நாற்காலிகளில் இருப்பவர்களும் நம்மோடு சேர்ந்து கைதட்டுகிறார்கள், தங்களைச் சொல்லவில்லை என்ற நிம்மதியில். அந்த உரையை நடிக்கப்போகிற நடிகர் தேட வேண்டியது தொண்டையின் கனத்தை அல்ல, எந்த நாற்காலியைப் பார்த்துப் பேசுவது என்பதை.

தமிழில் யாராவது அம்பேத்கரைப் படமாக்கினால் நான் பார்க்க ஆசைப்படுகிற காட்சி ஒன்று இருக்கிறது. 1930, லண்டன், முதல் வட்டமேசை மாநாடு. ஒடுக்கப்பட்டோர் சார்பில் போனவர்கள் இரண்டே பேர்: அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும். ஒருவருக்கு 39 வயது, மற்றவருக்கு எழுபது. ஒருவர் ‘மூக்நாயக்’ நடத்தியவர். மற்றவர் அதற்கு 27 ஆண்டுகள் முன்பே, 1893இல், ‘பறையன்’ என்று பெயர்வைத்துத் தமிழில் இதழ் தொடங்கியவர். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலைபார்த்தவர். மராத்திக்காரருக்குத் தமிழ் தெரியாது, தமிழருக்கு மராத்தி தெரியாது. மாநாடு முடிந்த மாலையில் இருவரும் ஓர் அறையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில்தான் பேசியிருக்க வேண்டும். ஆனால் பகல் முழுக்க வெள்ளையர்கள் முன்னும் மன்னர்கள் முன்னும் பேசிய அந்த ஆங்கிலம் இல்லை. கூட்டத்துக்கான குரலும் இல்லை, பதிவுக்கான குரலும் இல்லை. எதிரே இருப்பவருக்கு எதையும் நிரூபிக்கத் தேவையில்லாத குரல். அந்தப் பெரியவரை அவர் எப்படி அழைத்திருப்பார்? எதைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்? அந்தக் காட்சியைத் தமிழில் எழுத உட்காருகிறவர், இருவர் வாயிலும் எந்தத் தமிழை வைப்பார்?